ரெகுலேட்டர்னா ஃபேன் ரெகுலேட்டர் மட்டும் இல்லீங்க

ரெகுலேட்டர்னு சொன்னதும் நமக்கு ஃபேன் ஸ்விட்ச் பக்கத்துல திருகுற குமிழ்தான் ஞாபகம் வரும், ஆனா 1786ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் விவசாயிங்க தங்களுக்குத் தாங்களே வச்சுக்கிட்ட பேரு இது. லத்தீன்ல ரெகுலான்னா கோடு போடுற அளவுகோல், அதுல இருந்து வந்ததுதான், கோணலா போறத நேராக்குறவன்னு அர்த்தம். அப்ப கோணலா போனது யாரு? கவர்மெண்டுதான்னாங்க இவங்க. இதுக்கு முன்னாடியே 1760கள்ல வட கரோலினாவுலயும் அதிகாரிங்கள எதிர்த்தவங்க இதே பேரத்தான் வச்சிருந்தாங்க.

இந்த விவசாயிங்கள்ல பலர் சுதந்திரப் போர்ல பிரிட்டிஷ்காரனோட சண்ட போட்டுட்டு ஊருக்கு வந்தா சம்பள பாக்கி ஒழுங்கா வரல, ஆனா வரியையும் கடனையும் மட்டும் காசா எண்ணி வைன்னு நெருக்குறாங்க, வைக்கலன்னா கோர்ட்டு நிலத்த புடுங்கும் இல்ல ஆளையே ஜெயில்ல தள்ளும், அதனால கோர்ட்டே நடக்கக்கூடாதுன்னு வாசல்ல போய் நின்னுட்டாங்க. தொப்பியில ஹெம்லாக் மரத்துப் பச்சக் கொத்து ஒண்ணு செருகியிருப்பாங்க, எதிர்ப்பக்கம் கவர்மெண்டு ஆளுங்க தொப்பியில வெள்ளப் பேப்பர்.

ஊர்சனம் மனசு எங்க இருந்துச்சுன்னு பாக்கணும்னா மாசசூசெட்ஸ்ல கிரேட் பேரிங்டன்ங்கற ஊரப் பாருங்க. கோர்ட்டக் காப்பாத்தணும்னு கூட்டிட்டு வந்த உள்ளூர்ப் படை சுமார் 1000 பேரு. கோர்ட்டு வேணும்ங்கறவங்க ரோட்டுக்கு ஒரு பக்கம், வேணாம்ங்கறவங்க மறுபக்கம் நில்லுங்கன்னதும் கிட்டத்தட்ட 800 பேரு வேணாம்ங்கற பக்கம் போயிட்டாங்க, அன்னிக்கு கோர்ட்டு நடக்குமா என்ன!

தலைநகர் பாஸ்டன் பக்கம் வேற பேச்சு. வியாபாரிங்க காசு போட்டு தனிப்படை திரட்டுனாங்க, கலகக்காரன், கிளர்ச்சிக்காரன்னாங்க. இந்தப் போராட்டத்துக்கு வரலாத்துல நின்னுட்ட ‘ஷேஸ் கலகம்’ங்கற பேரும் எதிர்த்தரப்பு வச்சதுதான், டேனியல் ஷேஸ் பல தலைவர்கள்ல ஒருத்தர், அவ்வளவே. 1787 பிப்ரவரியில அந்தத் தனிப்படை விவசாயிங்க கூட்டத்த சிதறடிச்சிருச்சு, ஆனா அடுத்து வந்த எலெக்‌ஷன்ல அடக்குன கவர்னர் பௌடின் தோத்துட்டார், ஜான் ஹான்காக் வந்தார்.

சரி, தமிழ்ல என்ன போடறது? ஃபேனுக்கு சீராக்கி சரி. ஒழுங்குபடுத்துநர்னு போட்டா மின்சார ஒழுங்குமுறை ஆணைய ஆபீஸர் மாதிரி இருக்கு. கலகக்காரர்னு போட்டா பாஸ்டன்காரன் பேச்சயே நாமளும் பேசுறதா ஆகும். என் ஓட்டு ‘முறைசெய்வோர்’. முறைசெய்யறதுன்னா நம்ம பழைய தமிழ்ல நீதி வழங்கறது, ராஜா பாக்குற வேலை. அந்த வேலைய நாங்களே பாத்துக்கறோம்னுதான இவங்க கோர்ட்டு வாசல்ல நின்னதே.