தெரபி: சிகிச்சையா, பயிற்சியா?

தெரபி என்ற சொல் வேலூர்ப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தால் ‘பிசியோவுக்குப் போகிறோம்’ என்பார்கள். மூட்டு வலிக்குக் ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்பார்கள். ஆறு மாதக் குழந்தைக்குத் தெரபி வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போதுதான் வீடு குழம்புகிறது. பிள்ளைக்கு என்ன நோய்? எத்தனை நாளில் குணமாகும்? ஊசி போட்டால் ஆகாதா? இவை அறியாமையில் எழும் கேள்விகள் அல்ல. தெரபியைச் ‘சிகிச்சை’ என்று பெயர்த்துச் சொன்னால் இப்படித்தான் கேட்கத் தோன்றும்.

முதலில் பொருள். குழந்தைகளுக்கான வளர்ச்சித் தெரபி என்பது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய ஆறு வயது வரை தரப்படும் முறையான பயிற்சி. கழுத்து நிற்பது, உட்காருவது, பொருளைப் பற்றுவது, பேசுவது, பிறரோடு பழகுவது ஆகியவற்றில் பின்தங்கிய குழந்தைக்கு அது தேவைப்படுகிறது. பின்தங்கக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்த குழந்தைக்கும் தேவைப்படும். 32 வாரம் நிறையும் முன்பே பிறந்த குழந்தை, 1500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தை, பிறந்தவுடன் அழாத குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைத் தொட்ட குழந்தை எல்லாம் இந்த வரிசையில் வரும். இவர்களில் பலருக்கு எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாத நாளிலேயே பயிற்சி தொடங்கிவிடும். நோயே தெரியாதபோது எதைக் குணமாக்குவது என்று குடும்பம் விழிப்பதில் வியப்பில்லை.

சொல்லின் பிறப்பு கிரேக்கத்தில். ‘தெராபெயா’ என்றால் பணிவிடை, பேணுதல். ‘தெராபோன்’ என்பவன் அருகில் நின்று பணி செய்பவன். ஹோமரின் இலியத் காவியத்தில் வீரன் அக்கிலீசுக்குப் பட்ரோக்ளஸ் தெராபோன். அவன் வைத்தியன் அல்ல, கூடவே நிற்கும் தோழன். நோய் தீர்ப்பது என்ற பொருள் இந்தப் பணிவிடையிலிருந்து கிளைத்தது.

‘சிகிச்சை’ வடமொழிச் சொல். அதன் வேர் ‘சித்’, அதாவது உணர்தல், கவனித்தல். கவனிக்க விரும்புவது என்பதுதான் சிகிச்சையின் முதற்பொருள். அந்தப் பொருள் இன்று யார் காதிலும் விழுவதில்லை. சிகிச்சை என்றால் நோயாளி படுத்திருப்பார், மருத்துவர் செய்வார், பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தைத் தெரபியில் யாரும் படுத்திருப்பதில்லை. வேலை செய்வது குழந்தை. அதைவிட அதிகம் செய்வது அதன் தாய்.

கிரேக்கத் தெராபோனுக்கு நேரான தமிழ்ச்சொல் ஒன்று திருக்குறளில் இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950: ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.’ நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்ற மூன்றோடு நான்காவதாக வருகிறான் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம், இடம். நோயாளியின் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியதைத் தவறாமல் செய்பவன் அவன். மருத்துவத்தில் கால் பங்கை வள்ளுவர் அவனுக்குக் கொடுத்திருக்கிறார். ‘தெரபிஸ்ட்’ என்பதற்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் பார்த்ததில்லை. ஆனால் மருத்துவமனை வாசலில் ‘உழைச்செல்வார் அறை’ என்று பலகை வைத்தால் ‘உழைப்பவர்களுக்கான அறை போல’ என்று கடந்து போய்விடுவார்கள். வழக்கொழிந்த சொல்லை ஆணையிட்டு எழுப்ப முடியாது.

பிசியோதெரபிக்கு ‘இயன்முறை மருத்துவம்’ நன்றாகவே நிலைத்துவிட்டது. கிரேக்க ‘பிசிஸ்’ என்றால் இயற்கை. தமிழில் ‘இயல்’ என்பதற்கும் அந்தப் பொருள் உண்டு. அதோடு பழைய தமிழில் ‘இயலுதல்’ என்றால் நடப்பது, அசைவது. இன்றைய வழக்கில் முடிவது. இயற்கை, அசைவு, ஆற்றல் மூன்றும் ஒரே வேரில் கிடைக்கின்றன. மூலச்சொல்லுக்கும் வாய்க்காத பேறு. வேலூருக்கு இந்தத் துறையோடு உறவும் பழையது. 1954இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூரின் பாகாயத்தில் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது அவர் முயற்சியால். அவர் பெயரைத்தான் அது இன்று தாங்கி நிற்கிறது.

ஆக்குபேஷனல் தெரபியின் கதை வேறு. சில அறிவிப்புகளில் ‘தொழில்வழி சிகிச்சை’ என்று வருகிறது. தவழாத பிள்ளைக்கு என்ன தொழில் என்று ஒரு பாட்டி கேட்டால் பதில் சொல்ல முடியாது. மூலச்சொல்லில் தொழில் என்பது ஒரு மனிதரின் நேரத்தை நிறைக்கும் செயல் எதையும் குறிக்கும். குழந்தைக்கு அது விளையாட்டு, உண்பது, பொத்தான் போடுவது. ‘செயல்முறைப் பயிற்சி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்பீச் தெரபிக்குப் ‘பேச்சுப் பயிற்சி’ என்று மக்களே வைத்துவிட்டார்கள். அதில் திருத்த ஏதும் இல்லை.

சிக்கல் அதிகம் தெரபியில் இல்லை, ‘வளர்ச்சி’யில் இருக்கிறது. எடை கூடுவதும் உயரம் கூடுவதும் ஒரு வளர்ச்சி. திறன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது இன்னொரு வளர்ச்சி. மருத்துவம் இரண்டையும் வேறு வேறு சொற்களால் குறிக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் எடை பார்க்கும் நாளில் நின்று பாருங்கள். தூக்கு எடைக்கருவியின் துணித்தொட்டிலில் குழந்தையை வைக்கிறார்கள், முள் நிற்கிறது, பணியாளர் வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். புள்ளி பச்சைப் பகுதியில் விழுந்தால் ‘வளர்ச்சி நன்றாக இருக்கிறது’ என்கிறார். சொன்னது சரிதான். அதே குழந்தையைத் தாய் தூக்கும்போது, ஐந்து மாதம் முடிந்தும், தலை பின்னால் சாய்கிறது. தாயின் உள்ளங்கை தானாகப் பிடரிக்குப் போகிறது. ‘வளர்ச்சி நன்றாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தோடு அவர் வீடு திரும்புகிறார். எடையைச் சொல்லும்போது ‘உடல் வளர்ச்சி’ என்றும் மற்றதைத் ‘திறன் வளர்ச்சி’ என்றும் பிரித்துச் சொன்னால் ஒரு கேள்வியாவது கூடுதலாகப் பிறக்கும்.

திறன் வளர்ச்சியைப் பேச நம்மிடம் சொற்பஞ்சம் இருந்ததில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. குப்புறப் படுத்த குழந்தையின் மார்புக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டி, கையை ஊன்றித் தலை தூக்கச் செய்யும் பிசியோதெரபி அறைப் பயிற்சி இதற்குப் பக்கத்துவீடு. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கைகொட்டுவது. ஓராண்டை ஒட்டி வாரானை, தளர்நடையாக வருவது. (சப்பாணி பேச்சுவழக்கில் நடக்க முடியாதவரைக் குறிக்கும் ஏச்சாகவும் ஆகிவிட்டது.) கவிஞர்களின் மாதக்கணக்கை மருத்துவ அட்டவணையாக எடுத்துக்கொள்ளக் கூடாது; உலக சுகாதார நிறுவனம் தனியாக நடப்பதற்கே ஏறக்குறைய 8 மாதம் முதல் 18 மாதம் வரை அகலமான இடைவெளி தருகிறது. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டு வயதைக் கணக்கிட வேண்டும்.

அந்த இடைவெளியையும் தாண்டினால் மருத்துவக் குறிப்பில் ‘டிலே’ என்று எழுதுவார்கள். ‘தாமதம்’ என்கிறோம். இந்தச் சொல்லில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஜோலார்பேட்டையில் தாமதமான ரயில் எப்படியும் காட்பாடிக்கு வந்துவிடும். பயணி செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும். ‘இவன் அப்பாகூட மூன்று வயதில்தான் பேசினான்’ என்று பெரியம்மா சொல்லும் ஆறுதலுக்கு ‘தாமதம்’ துணை போகிறது. பேச்சு வராததற்குக் காது கேளாமை காரணமாக இருந்தால் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பு. பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் உள்ள நெறி. ‘பின்தங்கல்’ என்பது கொஞ்சம் கசக்கும், ஆனால் காரணம் என்ன என்று கேட்க வைக்கும். ‘மந்தம்’ வேண்டவே வேண்டாம். அது பிள்ளையின் மேல் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போகும்.

இந்தப் பயிற்சியை முன்கூட்டியே தொடங்குவதற்கு அரசு வைத்திருக்கும் பெயர்கள் இரண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் வந்த மாவட்ட மையங்களைச் சுகாதாரத் துறை ‘இடையீட்டுச் சேவை மையம்’ என்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை ‘ஆரம்பநிலைப் பயிற்சி மையம்’ என்கிறது. இடையீடு என்றால் நடுவில் புகுவது, தடை. ‘இன்டர்வென்ஷன்’ என்ற மூலச்சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்ததன் விளைவு. குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவி–பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டிய இடம் அது. அந்தப் பலகையைப் படித்து ‘இது நமக்கான இடம்’ என்று உள்ளே நுழையும் தாய் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டில் நான் எடுப்பது இரண்டாவதை.

அப்படியானால் ‘டெவலப்மென்டல் தெரபி’க்குத் ‘திறன் வளர்ச்சிப் பயிற்சி’. ‘பயில்’ என்ற வேரில் திரும்பத் திரும்பச் செய்வதும் பழகுவதும் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் மையத்தில் நடப்பது, மீதி நாளில் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வீட்டில் தொடர வேண்டும் என்பதை இந்தச் சொல் சொல்லிவிடுகிறது. பேச்சில் தெரபி என்றே இருக்கட்டும். எழுதும்போதும் விளக்கும்போதும் பயிற்சி.

ஒரே ஒரு எச்சரிக்கை. பயிற்சி என்ற சொல் டியூஷன் போல ஒலித்து, மருத்துவரே தேவையில்லை என்று நினைக்க வைக்கலாம். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். எந்தப் பயிற்சியும் அதற்கு ஈடாகாது. வலிப்புக்கும் அப்படியே. அங்கே சொல்ல வேண்டிய சொல் சிகிச்சைதான்.