பம்புக்கு வினிகர்க் குளியல், பாறைக்கு வேண்டாம்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பெரும்பாலும் முதலில் சோர்ந்துபோவது பம்ப்தான். வாங்கிய புதிதில் சத்தமே இல்லாமல் ஓடியிருக்கும். சில மாதங்களில் கரகரவென்று முனக ஆரம்பிக்கும், நீரோட்டம் தளரும். கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளையும் ஊதாவுமாக ஓர் ஓடு கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேயும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதும் இதே பொருளால்தான்: கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம். கார்பனேட்டும் சேர்ந்து, பி.எச். 8.2-ஐ ஒட்டி நிற்கும்போது வெப்பக் கடலின் மேல்மட்ட நீர் சுண்ணாம்பைப் பொறுத்தவரை ஓர் அதிதெவிட்டிய கரைசல். கரைந்திருக்க வேண்டியதைவிட அதிகமாகக் கரைந்திருக்கிறது. சாக்குக் கிடைத்தால் படிந்துவிடும். அப்படியும் கடல் முழுக்க ஒரே நாளில் வெளுத்துப் போகாததற்கு முக்கியக் காரணம் மெக்னீசியம். லிட்டருக்கு 1,290 மில்லிகிராம் அளவில் இருக்கும் அது, முளைவிடும் சுண்ணாம்புப் படிகத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் கெடுக்கிறது. கால்சியத்தையும் காரத்தன்மையையும் பார்த்துப் பார்த்து ஏற்றிவிட்டு மெக்னீசியத்தை மறந்தவர்களின் தொட்டியில் சாதனங்கள் சீக்கிரம் ஓடு கட்டுவது இதனால்தான்.

ஏன் குறிப்பாகப் பம்பிலும் ஹீட்டரிலும்? சூடு ஏற ஏறச் சுண்ணாம்பின் கரைதிறன் குறைகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதும் இதே கணக்கில்தான். தொட்டி நீர் 25, 26 டிகிரியில் இருந்தாலும், ஹீட்டரின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் அதைவிடச் சூடாக இருக்கும். மோட்டாரின் உறையும் அப்படியே. போதாக்குறைக்கு, கோரலைன் பாசி என்னும் ஊதாநிறப் பாசி தன் செல் சுவருக்குள்ளேயே சுண்ணாம்பை நிரப்பிக்கொண்டு அதன்மேல் படரும். பாறையில் படர்ந்தால் அழகு, பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரில் படர்ந்தால் இம்சை.

கல்லைக் கரைக்க அமிலம் வேண்டும், சமையல் வினிகரே போதும். அதிலிருப்பது ஏறக்குறைய 5 சதவீத அசிட்டிக் அமிலம். அது கார்பனேட்டை உடைத்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றும். கால்சியம், அசிடேட்டாகி நீரில் கரைந்துவிடும். கணக்குப்படி ஒரு லிட்டர் வினிகர் 40 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கலாம். நடைமுறையில் அமிலம் தீரத் தீர வேகம் குறையும் என்பதால் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஹீட்டரை அணைத்துவிட்டு இருபது நிமிடமாவது நீரிலேயே ஆறவிட்டு எடுக்க வேண்டும். சூடான கண்ணாடி காற்றுக்கு வந்தால் விரிசல் விடக்கூடும். பம்பைப் பிரித்து, பாதி வினிகர் பாதி தண்ணீரில் போட்டதும் ஓட்டின்மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். சில மணி நேரத்தில் குமிழ் அடங்கும். அப்போதும் ஓடு மிச்சமிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள், புது வினிகர் ஊற்ற வேண்டியதுதான். குமிழும் இல்லை, ஓடும் இல்லை என்றால் வேலை முடிந்தது. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் மிச்சம் கூழாகக் கழன்று வரும். கூர்மையான எதையும் கொண்டு சுரண்டக் கூடாது. இம்பெல்லரின் காந்தத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சு உண்டு. அதில் கீறல் விழுந்தால் உப்புநீர் உள்ளே புகுந்து காந்தம் துருப்பிடித்துப் பருக்கும். பருத்த காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது. நடுவிலுள்ள பீங்கான் தண்டு எளிதில் முறியும், அதையும் பார்த்துக் கையாள வேண்டும்.

வினிகர் நெடி பிடிக்காதவர்கள் சிட்ரிக் அமிலத்தூளை லிட்டருக்கு 50 கிராம் போலக் கரைத்துப் பயன்படுத்தலாம். வேகமாகவே வேலை செய்யும், ஆனால் கால்சியம் சிட்ரேட் நீரில் அதிகம் கரையாது. வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடாமல் நன்றாக அலச வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரை போகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் புகையைச் சுவாசிக்கும் அளவுக்கு எந்தப் பம்புக்கும் தகுதியில்லை. குழாய்களின் உள்ளே வழுவழுவென்று படியும் உயிர்க்கழிவுக்கு அமிலத்தைவிட பிளீச் நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டும் ஒரே வாளியில் சந்திக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சோப்பு எதற்குமே வேண்டாம்.

நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரின் கதை கொஞ்சம் வேறு. உப்புநீரில் சிறு குமிழ்கள் நன்னீரில் போல எளிதில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதில்லை. அதனால் ஏராளமான குமிழ்ப்பரப்பு கிடைக்கிறது; ஒரு முனை நீரை நாடி மறுமுனை நீரை வெறுக்கும் கழிவு மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டி நுரையாக மேலேறுகின்றன. கழுத்துப் பகுதியில் பழுப்பாகக் கொழுப்புப் படிந்தால் ஏறும் நுரை அங்கேயே உடைந்துவிடும். ஆகவே வாரமொரு முறை கழுத்தை மட்டும் துடைப்பது, வருஷத்துக்கொரு முறை முழுதும் பிரித்துக் கழுவுவதைவிடப் பலன் தரும். நன்றாகக் கழுவியபின் ஒரு நாள் வரை நுரை சரியாக ஏறாமலும் போகலாம், உடனே திருகைத் திருப்பி அலைக்கழிக்க வேண்டாம்.

இத்தனை கடுமையும் சாதனங்களோடு நிற்க வேண்டும். லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறைதான் தொட்டியின் உண்மையான வடிகட்டி. அதன் மேற்பரப்பு நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடுகின்றன. பாறையைத் தேய்த்து வெளுக்கச் செய்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். கடல்நீரில் அது பெரிய ஆபத்து. ஏனென்றால் பி.எச். உயர உயர அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு கூடும். 7-இல் இருப்பதைவிட 8.2-இல் அது பத்து மடங்குக்கும் மேல். பாறையில் தூசி படிந்தால் தொட்டிநீரையே பீய்ச்சி ஊதிவிட்டால் போதும். மணலைக் கிளறுவதும் நீர் மாற்றும்போது ஒரு மூலை, அடுத்த முறை இன்னொரு மூலை என்று நடக்கட்டும். ஆழமான பழைய மணலில் கறுப்புப் படலம் தெரிந்தால் அது இரும்பு சல்பைடு. அங்கே ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கக்கூடும், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

பாறையில் ஒட்டியிருக்கும் பொத்தான் பவளங்களைச் சுடுநீர் ஊற்றியோ வேகவைத்தோ ஒழிக்க நினைப்பவர்கள் கவனிக்க: ஜோவாந்திட் வகையைச் சேர்ந்த இவற்றில் சில பாலிடாக்சின் என்ற நஞ்சைச் சுமக்கின்றன. 1971-இல் ஹவாயில் மூர், ஷாயர் இருவரும் பிரித்தெடுத்த அந்த மூலக்கூறு, செல்சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பைத் திறந்த வாசலாக்கிவிடும். ஆவியோடு கலந்த நஞ்சைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, குளிர்ந்த நீரிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டியைத் தொடவே வேண்டாம். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி காயம் வழியே புகுந்து மாதக்கணக்கில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும்.

அலசிய பம்பில் துளி வினிகர் மிச்சமிருந்தால் பயமில்லை, பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடும். வாளி வினிகரையே சாய்த்துவிட்டால்தான் பி.எச். சரியும், பெருகும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். பம்புகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றாமல், ஒன்றாவது தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கட்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அம்மோனியாவைச் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த சாதனத்தில் கை வைக்கலாம்.