தள்ளிக்கொண்டே இருக்கும் கூரைகள்

ரோம் நகரில் ரோமானியர்கள் கட்டிய பாந்தியோன் என்ற கோயிலின் குவிமாடத்தில் விரிசல்கள் உண்டு. 1930-களில் நடந்த பழுதுபார்ப்பின்போது அவற்றை முறையாகப் பதிவு செய்தார்கள். அடிப்பகுதியில் தொடங்கி, பூகோள உருண்டையின் தீர்க்கரேகைகளைப் போல மேல்நோக்கி ஏறி, பாதி வழியிலேயே அவை நின்றுவிடுகின்றன. உச்சிவரை எதுவும் போகவில்லை. கம்பி ஒன்றுகூட வைக்காத கான்கிரீட், 43.3 மீட்டர் உள்விட்டம், ஏறத்தாழ 1,900 ஆண்டு வயது. விரிசல் ஏன் கீழே மட்டும் விழுந்தது? விழுந்த பிறகும் கூரை ஏன் நிற்கிறது?

ரோமானியக் கான்கிரீட்டின் இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். கலவையின் மீது காட்டும் அந்த ஆர்வத்தில் பாதியையாவது குவிமாடத்தின் தள்ளல் மீது காட்டியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். குவிமாடம் கீழ்நோக்கி அழுத்துவதோடு நிற்பதில்லை. தன்னைத் தாங்கும் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டும் இருக்கிறது. பெரிய கூரை போட்ட பழங்காலக் கட்டடக்காரர்கள் மல்லுக்கட்டியது எடையைவிட இந்தத் தள்ளலோடுதான்.

முதலில் கல்லின் குணத்தைப் பார்த்துவிடுவோம். இரண்டு தூண்களின் மேல் ஒரு கல் உத்தரத்தைப் படுக்க வைத்தால், அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொய்கிறது. தொய்யும்போது மேல்பக்கம் நசுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நசுக்கலைக் கல் அநாயாசமாகத் தாங்கும். இழுப்பு அதற்கு ஆகாது. தாங்கக்கூடிய அழுத்தத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்கு இழுத்தாலே விரிசல் விட்டுவிடும். கல் உத்தரங்களை நீளமாகப் போட முடியாததற்கு இதுதான் காரணம். எகிப்தின் கர்னாக் கோயில் மண்டபத்தில் 134 தூண்கள் நிற்பதைப் பார்த்து வியக்கிறோம். அவை அத்தனை நெருக்கமாக நிற்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஏதென்ஸின் பார்த்தினானிலும் பக்கவாட்டுத் தூண்களின் மையத்துக்கு மையம் சுமார் 4.3 மீட்டர்தான். உத்தரத்தை நம்பியவர்கள் தூண்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுத்தான் வழிபட வேண்டியிருந்தது.

உத்தரம் இல்லாமல் கூரை போடும் வழி அதற்கும் முன்பே தெரிந்திருந்தது. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச், கி.மு. 3200 வாக்கில் எழுந்த ஈமச்சின்னம். அதன் உள்ளறையின் கூரையில் ஒவ்வொரு கல் வரிசையும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. நீட்டிய கல் கவிழாமல் இருப்பதற்கு அதன் வால்பகுதியில் ஏற்றிய பாரம் காரணம். வரிசைமேல் வரிசையாக வட்டம் சுருங்கி, கடைசியில் ஒரே ஒரு மூடுகல்லோடு முடிகிறது. ஐந்தாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அறைக்குள் மழை ஒழுகுவதில்லை.

கிரேக்க மண்ணில் மைசீனியில் உள்ள கல்லறை ஒன்றை ‘அத்ரேயஸின் கருவூலம்’ என்கிறார்கள். கி.மு. 13-ஆம் நூற்றாண்டையொட்டிக் கட்டப்பட்டது. விட்டம் 14.5 மீட்டர். இங்கே ஒரு முன்னேற்றம் தெரிகிறது. ஒவ்வொரு வரிசையும் முழு வட்டம் என்பதால், உள்ளே சரியப் பார்க்கும் கற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சரிய இடமில்லாமல் நிற்கின்றன. வெளியே மேடாகக் குவித்த மண் பின்னாலிருந்து நெருக்குகிறது. வாசலுக்கு மேலே நூறு டன்னைத் தாண்டும் ஒரு நிலைக்கல் இருக்கிறது. அத்தனை பெரிய கல்லையும் நம்பாமல், அதற்கு மேலே சுவரில் முக்கோணமாக ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். மேலிருந்து வரும் பாரம் அந்த முக்கோணத்தின் இரு சரிவுகளிலும் பிரிந்து வாசலின் பக்கச் சுவர்களுக்குப் போய்விடுகிறது. பாரம் எந்த வழியாக இறங்கும் என்று யோசித்த ஒருவரின் வேலை அது. மைசீனியின் பிரம்மாண்டத்தைவிட அந்த வெற்றிடம்தான் எனக்குப் பிடித்தமானது.

வளைவு வந்தபோது ஆட்டம் மாறியது. ஆப்பு வடிவக் கற்களை வில்லாக அடுக்கினால், ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லை நெருக்கியபடி நிற்கும். எதுவும் தொய்யாது, இழுபடாது; நசுங்குவது ஒன்றே வேலை. உச்சிக்கல்லைச் செருகும்வரை மரச் சென்ட்ரிங் தாங்க வேண்டும், பிறகு பிரித்துவிடலாம். ஆனால் வளைவு சும்மா நிற்பதில்லை. பாரம் அதன் உடல் வழியாகச் சரிவாக இறங்கிக் கால்களை அடைகிறது. சரிவாக வரும் விசையில் ஒரு பங்கு கீழே அழுத்தும், மறு பங்கு வெளியே தள்ளும். கால்கள் கொஞ்சம் விலகினால் வளைவு தட்டையாகும். தட்டையாக ஆகத் தள்ளல் கூடும். கூடினால் கால்கள் இன்னும் விலகும். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வளைவை நடு அச்சில் சுழற்றினால் கிடைப்பது குவிமாடம். அதைக் கிடைவாக்கில் வளையம் வளையமாக அறுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் வளையங்கள் உள்நோக்கிச் சரியப் பார்க்கின்றன. அதனால் நெருக்கப்பட்டு இறுகுகின்றன. கீழ் வளையங்கள் விரியப் பார்க்கின்றன, அதனால் இழுபடுகின்றன. ஒரே தடிப்புள்ள மெல்லிய அரைக்கோளத்தில் இந்த எல்லை உச்சியிலிருந்து சுமார் 52 பாகையில் வருகிறது என்று கணக்குச் சொல்கிறது. கான்கிரீட்டும் கல்லைப் போலத்தான், இழுத்தால் தாங்காது. ஆகவே கீழ்ப்பாதியில் நெடுக்கு விரிசல் விழும். பாந்தியோனில் விழுந்தவை அவைதாம்.

கீழே பிளந்த பின் பாந்தியோன் குவிமாடம் பல வளைவுகள் வட்டமாகச் சாய்ந்து, உச்சியில் ஒன்றையொன்று முட்டி நிற்கும் அமைப்பாகிவிடுகிறது. அப்படி நிற்க முடியுமா என்பது, ஒவ்வொரு வளைவின் காலும் விலகாமல் இருக்குமா என்பதைப் பொறுத்தது. விலகாமல் இருப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகளை ரோமானியர்கள் செய்திருந்தார்கள்.

குவிமாடத்தைத் தாங்கும் வட்டச் சுவரின் தடிப்பு சுமார் 6 மீட்டர். உள்ளே குவிமாடம் வளையத் தொடங்கும் மட்டத்தோடு வெளிச்சுவர் நின்றுவிடாமல், இன்னும் மேலே எழும்புகிறது. அதற்கும் மேலே, குவிமாடத்தின் தோள்மீது, படிப்படியாக வளையங்களை ஏற்றியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குவிமாடம் தட்டையாகத் தெரிவது இதனால்தான். இடிந்துவிடும் என்று பயப்படும் கூரையில் யாராவது மேலும் எடை ஏற்றுவார்களா? ஏற்றினார்கள். சரிவாக வரும் தள்ளலோடு செங்குத்தான பாரம் ஒன்று சேர்ந்தால், இரண்டின் கூட்டு விசை முன்னைவிடச் செங்குத்தாகத் திரும்பும். அந்த விசை செல்லும் கோடு சுவரின் தடிப்புக்குள்ளேயே தரையில் இறங்கிவிட்டால் சுவர் சாயாது. 1986-இல் ராபர்ட் மார்க், பால் ஹட்சின்சன் என்ற ஆய்வாளர்கள் கணினியில் பாந்தியோனைச் சோதித்தபோது, விரிசல் விட்ட நிலையில் இந்தப் படி வளையங்கள் எவ்வளவு உதவுகின்றன என்று தெரிந்தது.

தோளில் கூட்டிய எடையை உச்சியில் குறைத்தார்கள். அடிப்பக்கம் ஆறு மீட்டரை ஒட்டிய தடிப்பு, மேலே போகப் போகக் குறைந்து ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. ஜல்லியும் மாறுகிறது. அடித்தளத்தில் கனமான டிராவர்டைன் கல், சுவரில் ஏற ஏற எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லும் உடைத்த செங்கல்லும், உச்சிப் பகுதியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசையாகக் குடைந்திருக்கும் சதுரக் குழிகளைத்தான் சுற்றுலா வழிகாட்டிகள் எடைக்குறைப்புக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அவற்றால் குறைந்த எடை சொற்பமே; அவற்றின் பெரும்பங்கு கண்ணுக்கு விருந்து.

உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டத்துக்குத் திறந்த வட்டம் இருக்கிறது. கூரையின் நட்டநடுவில் ஓட்டை போடுவது துணிச்சல் போலத் தோன்றும். ஆனால் உச்சி வளையங்கள் எல்லாம் நெருக்கத்தில் இருப்பவை. ஓட்டையைச் சுற்றிச் செங்கற்களை நெருக்கிப் பதித்த வளையமே உச்சிக்கல்லின் வேலையைச் செய்துவிடுகிறது. உள்ளே விழும் மழை வடிவதற்காகத் தரையை நடுவில் லேசாக மேடாக்கி, வடிகால் துளைகளும் வைத்திருக்கிறார்கள்.

கலவைக்கும் அதன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். நீற்றுச் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல் சேரும்போது, சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீருக்குள்கூட இறுகும் காரையாகின்றன. சுண்ணாம்பைச் சூடாகவே கலந்ததால் வெள்ளைக் கட்டிகள் தங்கிவிட்டன என்றும், நீர் புகும்போது அவை கரைந்து மயிரிழை விரிசல்களை அடைக்கின்றன என்றும் 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தக் கலவையை எவ்வளவு நேர்த்தியாகப் பிசைந்தாலும், தோளில் பாரம் இல்லாமல் மெல்லிய சுவரின் மேல் அரைக்கோளத்தைக் கவிழ்த்தால் அது நிற்காது.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் அரசின் ஆதரவைப் பெற்றபோது, மேற்கில் எழுந்த பெரிய தேவாலயங்களில் பெரும்பாலானவை இந்தத் தொல்லைக்குள் போகவேயில்லை. நீண்ட மண்டபம், இருபுறமும் தூண் வரிசை, மேலே மரக் கூரை. சாய்வான மரங்கள் வெளியே தள்ளும் விசையைக் குறுக்கு விட்டம் ஒன்றே இழுத்துப் பிடித்துவிடும். மரம் இழுப்பைத் தாங்கும். ரோமின் சாந்தா சபீனாவில் அவ்வளவு மெல்லிய தூண்களும் அவ்வளவு பெரிய சன்னல்களும் சாத்தியமானது அதனால்தான். 547-இல் அர்ச்சிக்கப்பட்ட ராவென்னாவின் சான் விதாலே வேறு வழியில் தப்பித்தது. அதன் குவிமாடம் உள்ளீடற்ற சுடுமண் குழாய்களால் ஆனது. ஒரு குழாயின் மூக்கை அடுத்ததன் வாயில் செருகி, வரிசையாகச் சுற்றி, காரை பூசியிருக்கிறார்கள். எடை குறைந்தால் தள்ளலும் குறையும்.

கான்ஸ்டாண்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) பேரரசர் ஜஸ்டினியனுக்கு இந்தச் சிக்கனம் எல்லாம் பிடிக்கவில்லை போலும். 532-இல் கலவரத்தில் எரிந்துபோன ஹாகியா சோபியா தேவாலயத்தின் இடத்தில் சுமார் 31 மீட்டர் அகலக் குவிமாடத்தைக் கேட்டார். அதுவும் வட்டச் சுவரின் மேல் இல்லை. சதுரத்தின் நான்கு மூலைகளில் நிற்கும் நான்கு தூண்களின் மேல். அதை வடிவமைத்த அந்தீமியஸும் மிலேத்தஸ் ஊர் இசிடோரும் கணிதம் கற்றவர்கள். சதுரத்தின் மேல் வட்டத்தை உட்கார வைக்க அவர்கள் கையாண்ட வடிவத்தைப் புரிந்துகொள்ள, ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்து நான்கு பக்கமும் செங்குத்தாகச் சீவிவிடுங்கள். நான்கு பக்கத்திலும் வளைவுகள் கிடைக்கும். இனி வளைவுகளின் உச்சி மட்டத்தில் கிடையாக அறுத்தெடுத்தால், மேலே முழு வட்டமும் மூலைகளில் நான்கு வளைந்த முக்கோணங்களும் மிஞ்சும். அந்த வட்டத்தின் மேல்தான் ஹாகியா சோபியாவின் குவிமாடம் அமர்ந்திருக்கிறது.

தள்ளலை யார் தாங்குவது? கிழக்கிலும் மேற்கிலும் அரைக் குவிமாடங்கள் முட்டுக்கொடுக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் அப்படி எதுவும் இல்லை. வளைவுகளும் அவற்றுக்குப் பின்னால் உள்ள தூண்களும் மட்டும். வேலையோ அசுர வேகத்தில் நடந்தது. 532 பிப்ரவரியில் தொடங்கி 537 டிசம்பரில் திறப்பு விழா. செங்கல்லின் தடிப்புக்குக் காரையும் தடிப்பாகப் பூசினார்கள். நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அந்தச் செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் காரை. நிதானமாக இறுகும் ரகம். காரை இறுகுவதற்குள் மேலே பாரம் ஏறிவிட்டது. கிழக்கு வளைவு முடியும் முன்பே தாங்கும் தூண்கள் பிளக்கத் தொடங்கியதாகவும், வளைவை முடித்துவிடுங்கள், முடிந்தால் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் என்று பேரரசர் சொன்னதாகவும் வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார். யோசனை பேரரசருக்குக் கடவுள் அருளியது என்கிறார். அரசவைப் புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டால், தூண்கள் பிளந்த செய்தி மிஞ்சுகிறது.

முதலில் போட்ட குவிமாடம் இப்போதிருப்பதைவிட உயரம் குறைந்தது. தட்டையான வளைவின் கதை இங்கேயும் நடந்தது. தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்தன. 553-இலும் 557-இலும் நிலநடுக்கங்கள். 558 மே மாதம் குவிமாடத்தின் ஒரு பகுதியும் கிழக்கு வளைவும் இடிந்து விழுந்தன.

மீண்டும் கட்டும் பொறுப்பு மூத்த இசிடோரின் உறவினரான இளைய இசிடோரிடம் வந்தது. மிச்சமிருந்த குவிமாடத்தையும் இறக்கிவிட்டு, ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம் கூட்டிப் புதியதை எழுப்பினார். வளைவு செங்குத்தாக ஆக, அதே எடைக்குத் தள்ளல் குறையும். 562-இல் திறந்த அந்தக் குவிமாடத்துக்கு 40 விலாக்கள். விலாக்களுக்கு இடையே அடிவாரத்தில் 40 சன்னல்கள். கீழ் வளையம் இழுபட்டு எங்கே விரிசல் விடுமோ அங்கே முன்கூட்டியே திறப்பு வைத்தாயிற்று.

அதன் பிறகும் நிலநடுக்கங்கள் விடவில்லை. 989-இல் மேற்குப் பக்கம் சரிந்தது. ஆர்மேனியக் கட்டடக் கலைஞர் திர்தாத் அதைச் சரிசெய்தார். 1346-இல் கிழக்குப் பக்கம். இன்றுள்ள குவிமாடத்தில் வடக்கும் தெற்கும் 6-ஆம் நூற்றாண்டு, மேற்கு 10-ஆம் நூற்றாண்டு, கிழக்கு 14-ஆம் நூற்றாண்டு. அடியில் அது சரியான வட்டமும் இல்லை. முட்டுக்கொடுக்க அரைக் குவிமாடம் இல்லாத வடக்கு-தெற்குத் திசையில், கிழக்கு-மேற்கைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் அகன்றிருக்கிறது.