டிராக்‌ஷன்: இழுவையா, பிடிமானமா?

காலில் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போனால் ‘டிராக்‌ஷன் போட்டிருக்காங்க’ என்பார்கள். காலில் கயிறு கட்டி, கட்டில் முனையிலுள்ள உருளை வழியாக எடைக்கல்லைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் அதுதான், இழுத்தல். இலத்தீனில் ‘டிராஹெரே’ என்றால் இழு. டிராக்டரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஆனால் டிராக் ரேஸ் (இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று நேர்க்கோட்டில், வழக்கமாகக் கால் மைல், பாயும் பந்தயம்) ஓட்டுகிறவர் ‘லாஞ்சில் (வண்டி கிளம்பும்போது) டிராக்‌ஷன் இல்லை’ என்று புலம்பும்போது அங்கே யாரும் எதையும் இழுப்பதில்லை. பச்சை விளக்கு எரிகிறது, ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், எஞ்சின் கத்துகிறது, பின் டயர் இருந்த இடத்திலேயே சுற்றிப் புகை கக்குகிறது, பக்கத்து லேன்காரர் போய்விட்டார். தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள்தான் மிச்சம்.

இதை அகராதியைப் பார்த்து ‘இழுவை’ என்று எழுதினால் என்ன ஆகும்? டிராக் ரேஸில் வரும் டிராக் (drag) என்பதும் ஆங்கிலத்தில் இழு என்பதே (வேர் மட்டும் வேறு, அது ஜெர்மானிய வழி). வண்டியை எதிர்த்து நிற்கும் காற்றுத் தடைக்கும் பாடப்புத்தகங்களில் இழுவை என்றே போடுகிறார்கள். ஆக, ‘இழுவைப் பந்தயத்தில் இழுவை போதாமல் இழுவை கூடியது’ என்று ஒரு வாக்கியம் வரும். எழுதியவருக்கே புரியாது.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் சுத்தம். முன்சக்கரம் ஓட்டும் காருக்கு அவர்கள் மொழியில் ‘டிராக்‌ஷன்’, பின்சக்கரம் ஓட்டினால் ‘ப்ரொபல்ஸியோன்’, அதாவது தள்ளல். சிட்ரோயன் 1934இல் கொண்டுவந்த முன்சக்கர ஓட்டக் காரின் பெயரே ‘டிராக்‌ஷன் அவான்’. இந்தக் கணக்கில் டிராக் ரேஸில் ஓடும் பின்சக்கர ஓட்ட வண்டிகள் எல்லாம் தள்ளுகிற கோஷ்டி. ரயில்காரர்களும் தெளிவு: பெட்டிகளை இழுக்கும் திறனுக்கு இழுவிசை என்றும், சக்கரம் தண்டவாளத்தில் வழுக்காமல் நிற்பதற்கு ஒட்டுதல் என்றும் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். ஒட்டுதல் குறைந்தால் எஞ்சினிலிருந்து தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள்.

கார்க்காரர்கள் டிராக்‌ஷன் என்பது இந்த இரண்டாவது சங்கதியைத்தான். தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம், மழையில் தேய்ந்த செருப்போடு நடப்பவர் ‘பிடிமானமே இல்லை’ என்று சொல்லிக்கொண்டுதான் போகிறார். வருமானம், கட்டுமானம் மாதிரி பிடி என்ற வினையோடு மானம் சேர்ந்து வந்த சொல். பிடிப்பு என்றாலும் சரிதான். பிடித்தம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது சம்பளத்தில் போவது. வினையாக வேண்டுமென்றால் ‘கவ்வு’. டயர் ரோட்டைக் கவ்வுது என்றால் மெக்கானிக்குக்கும் புரியும், மேலே விளக்கம் தேவையில்லை.

லாஞ்ச் என்பதற்கு ராக்கெட் நினைவில் ‘ஏவுதல்’ போடுகிறார்கள். ஈட்டியை எறிவதிலிருந்து வந்த சொல் என்பதால் வேரளவில் தப்பில்லை, ஆனால் காரை யாரும் ஏவுவதில்லை, எடுக்கிறோம். ‘வண்டி எடுப்பு நல்லா இருக்கு’ என்பது பேச்சில் இருப்பதுதானே. எனவே என் கணக்கில் இது ‘எடுப்புப் பிடிமானம்’.

சொல் சரியாக இருந்தால் வேலையும் சரியாகப் புரிகிறது என்பதற்கு ஒரு கார். 1987 முதல் 1992 வரை வந்த ஐந்து லிட்டர் ஃபோர்ட் மஸ்டாங், 225 குதிரைத்திறன், அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப்களில் (பந்தயத் தடங்களில்) தெருக் காராக வந்து நிற்கும் பழைய முகம். இழுவைதான் குறை என்று நினைத்தால் எஞ்சினில் இன்னும் பலம் ஏற்றுவீர்கள், டயர் இன்னும் சுற்றும். பிடிமானம் குறை என்று நினைத்தால் கண் டயருக்குப் போகும். சுற்ற ஆரம்பித்த டயர் நிலை உராய்வை விட்டு இயக்க உராய்வுக்கு இறங்கிவிடுகிறது, அது பொதுவாகக் குறைவு. டயர் தரையில் நன்றாகப் பதியக் காற்றை 32 பவுண்டிலிருந்து 26 பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்ப்பார்கள் (வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்ற வேண்டும்). இந்தப் பந்தயத்துக்கென்றே வரும் டயரான டிராக் ரேடியல் போட்டால் 15, 20க்கே இறங்கலாம். பந்தய டயரைச் சுழற்றிச் சூடேற்றுவதற்காக ஸ்டார்ட் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்திருப்பார்கள்; சாதாரண டயரோடு வந்தவர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவது நல்லது, டயரின் வரிப்பள்ளத்தில் தண்ணீர் ஏறி ஸ்டார்ட் கோடு வரை கூடவே வரும்.

அப்புறம் எடை. வண்டி கிளம்பும்போது மூக்கு தூக்கிப் பின்பக்கம் அமர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநரோடு 1,500 கிலோ, எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர், முன்பின் அச்சு இடைவெளி 2.55 மீட்டர் என்று வைத்து, புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தில் கிளம்பினால், சுமார் 147 கிலோ முன்னாலிருந்து பின் டயர் மேல் போய் உட்காரும். இதற்காகத்தான் வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் முன்பக்க ஸ்வே பார் கம்பியைக் கழற்றி வைப்பதும், சட்டென்று நீண்டு மெதுவாகச் சுருங்கும் ஷாக் அப்சார்பர் போடுவதும். பலன் முதல் 60 அடியில், அதாவது 18.3 மீட்டரில், தெரியும். அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சமானால் கால் மைல் முடிவில் அதைவிடக் கூடுதலாகவே மிச்சம்.

இன்னொரு சொல்லும் திருந்த வேண்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோலை ‘இழுவைக் கட்டுப்பாடு’ என்கிறார்கள். அது செய்வது சக்கரம் வழுக்கும்போது எஞ்சின் பலத்தைக் குறைப்பது அல்லது பிரேக்கைப் பிடிப்பது. ஜெர்மன்காரர்கள் இதே கருவிக்கு வைத்த பெயரில் ‘ஷ்லுப்ஃப்’ என்று வழுக்கல்தான் இருக்கிறது. வழுக்கல் தடுப்பு என்று நாமும் சொல்லலாம்.

மிச்சம் ஒன்று மாட்டவில்லை. பட்டை ஸ்பிரிங் வைத்த 1960களின் கார்களில் அடியில் ஒரு இரும்புச் சட்டம் கட்டுவார்கள், டிராக்‌ஷன் பார் என்று பெயர். எடுப்பின்போது பட்டை முறுக்கிக்கொண்டு எஸ் வடிவத்தில் வளைந்து சக்கரம் துள்ளாமல் அது முட்டுக்கொடுக்கிறது. அது இழுப்பதும் இல்லை, எதையும் பிடிப்பதும் இல்லை. பட்டைமுட்டு என்று எழுதிப் பார்த்தேன், எதிரில் இருந்தவர் பலகாரமா என்று கேட்டார். அதை டிராக்‌ஷன் பார் என்றே விட்டுவிட்டேன்.