கண் பிரஷர் சொட்டு மருந்து: பார்மசியில் காசு கொடுக்க முன்

கிளோகோமாவுக்கு, நம் சனம் சொல்வதுபோல் கண் பிரஷருக்கு, சொட்டு மருந்து ஒரு மாதத்தோடு முடிகிற விஷயமில்லை. பெரும்பாலானவர்கள் ஆயுள் முழுக்கப் போட வேண்டும். கையில் காசு இல்லாத மாதத்தில், நோவும் இல்லை, பார்வையும் தெளிவுதானே என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த நோயில் போன பார்வையைச் சத்திரசிகிச்சையாலும் திருப்பி எடுக்க முடியாது. விலை அதிகம் என்றால் விலையைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டும், மருந்தை நிறுத்தக் கூடாது.

முதல் வழி அரச கிளினிக். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் பதிந்து கொப்பி எடுத்தவருக்கு, அங்கே இருப்பில் உள்ள சொட்டு மருந்து இலவசம். தனியாரில் சனல் பண்ணி டொக்டரைக் காட்டுகிறவர்கள் பலர், அவர் எழுதித் தந்த மருந்துத் துண்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பார்மசியில் வாங்குகிறார்கள். அவரிடமே ஒரு கடிதம் கேட்டு வாங்கி, கிளினிக்கில் பதியலாம். பழைய பரிசோதனை அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். புல்மோட்டை, ஈச்சிலம்பற்று போன்ற தூரத்து ஊர்க்காரர் எத்தனை மாதத்துக்கு மருந்து தர முடியும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பஸ் காசும் செலவுதானே.

சில நேரம் கிளினிக்கில் மருந்து முடிந்துவிடும், வெளியில் வாங்கச் சொல்வார்கள். அப்போது பார்க்க வேண்டியது பெட்டியில் பெரிதாக இருக்கும் கம்பனிப் பெயரை அல்ல, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை. டிமோலோல் 0.5%, லட்டனோபிரொஸ்ட் 0.005% என்று இருக்கும். அதே மருந்து, அதே அளவு, கம்பனி மட்டும் வேறு என்றால் விலை நன்றாக இறங்கலாம். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே அந்தக் காலத்திலேயே இதற்காகத்தான் போராடினார். அவருடைய முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் ஒசுசல கடைகளில் விலையை விசாரியுங்கள். துண்டில் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதித் தரும்படி டொக்டரிடம் கேட்கலாம். ஆனால் மருந்தையே மாற்றுவது வேறு கதை: தொய்வு வருத்தமோ சில இதய நோய்களோ உள்ளவருக்கு டிமோலோல் ஆபத்து. அதைப் பார்மசியில் தீர்மானிக்க முடியாது.

பெட்டியில் குறித்த அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால் பில் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

இரண்டு மருந்து கலந்த போத்தல் வசதியானது, ஆனால் தனித்தனியாக வாங்குவது மலிவாக வருமா என்றும் கேளுங்கள்.

அப்புறம், வீட்டில் வீணாவது. கண்ணுக்குள் ஒரு துளிதான் நிற்கும்; இரண்டாவது துளி, கன்னத்தில் வழிந்து போகிற காசு. கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு துளி விட்டு, கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து மூக்குக்குள் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து போடுகிறவர் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். திறக்காத லட்டனோபிரொஸ்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எங்கள் வெக்கைக்குத் திறந்ததையும் அங்கேயே வைப்பது நல்லது, ஆனால் உறையக் கூடாது. திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, துண்டுப்பிரசுரத்தில் சொன்ன காலம் முடிந்ததும் எறிந்துவிடுங்கள்.

லேசர் சிகிச்சை தனக்குப் பொருந்துமா என்றும் டொக்டரிடம் கேளுங்கள். 2019இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில், முதலில் லேசர் செய்த கண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, மூன்று வருடம் சொட்டு மருந்தே இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தன. ஆனால் கிளோகோமாவின் சில வகைகளுக்கு அது பொருந்தாது.

கிளினிக் திகதிக்கு முன் போத்தல் முடிந்துவிட்டால் திகதி வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். கொப்பியையும் வெறும் போத்தலையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.