வரவேற்பறையிலிருந்து கொல்லைப்புறத்துக்கு

ஜூன் பிறந்ததும் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே நுழைகிறது. ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் அதுதான், சாரலைக் கொண்டுவந்து குற்றாலத்து லாட்ஜுகளை நிரப்புவதும் அதுதான். பேரருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி பரவிவிட்டால், சனி ஞாயிறில் ஐந்தருவிச் சாலையில் அறை கிடைப்பது கஷ்டம். அதோடு நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டமும் சேர்ந்துகொண்டால் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும் இதே கதைதான்.

இந்த வட்டாரத்தில் லாட்ஜ் வேலை, ஹோட்டல் வேலை என்றதும் நினைவுக்கு வருபவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர், சாவியோடு முன்னால் நடக்கும் ரூம் பாய், சப்ளையர், பரோட்டா மாஸ்டர், வாட்ச்மேன். இவற்றில் தங்க வருபவரின் கண்ணில் படும் வேலைகள் மெல்லச் சுருங்குகின்றன. மொட்டை மாடியிலும் அடுக்களைக்குப் பின்னாலும் தரைக்குக் கீழேயும் நடக்கும் வேலைகள் கூடுகின்றன. சுருங்குவதற்குக் காரணம் செல்போன். கூடுவதற்குக் காரணம் மின்கட்டணம், தண்ணீர், கழிவு பற்றிய சட்டங்கள். எனக்கு இரண்டாவதுதான் சுவாரஸ்யமாகப் படுகிறது. அறிவியல் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

முன்பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தண்ணீர் விழுந்தால் வாடகை ஏறும், நின்றால் இறங்கும் என்பது குற்றாலத்துக்குப் புதிதல்ல. மலைமேல் மேகத்தைப் பார்த்து மேனேஜர் முடிவு செய்த விலையை, மீதி அறைகளையும் தேடுபவர்களின் எண்ணிக்கையையும் போன வருடக் கணக்கையும் பார்த்து இப்போது மென்பொருள் சொல்கிறது. ஓர் இணையதளத்தில் அறை விற்றதும் மற்ற இணையதளங்களிலும் அதை எடுத்துவிடும் மென்பொருள் இருப்பதால், ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும் சண்டையும் குறைந்துவிட்டது. 2016-இல் யுபிஐ வந்த பிறகு சில்லறைப் பிரச்சினை இல்லை. ஆனால் பையில் நோட்டே இல்லாமல் வருபவர், பெட்டியைத் தூக்கிவந்த ரூம் பாயைப் பார்த்து ஒரு சிரிப்போடு போய்விடுகிறார். அந்த நஷ்டம் எந்தச் சம்பளக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சாவிக்குப் பதிலாக வந்த பிளாஸ்டிக் அட்டைக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் சில்லு எனப்படும் ஒரு சிறு சிப்பும் மட்டும்தான். கதவுப் பூட்டில் இன்னொரு சுருள் இருக்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் நொடிக்கு 1.356 கோடி முறை மாறுகிறது. அட்டையை அருகில் கொண்டுபோனால் அந்த மாற்றம் அட்டையின் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சில்லு விழித்துக்கொண்டு தன்னிடம் எழுதப்பட்டதைச் சொல்கிறது: எந்த அறை, எந்தத் தேதி எத்தனை மணி வரை. இந்த வகைப் பூட்டுகளில் பலவற்றுக்கு வரவேற்பறைக் கணினியோடு தொடர்பே இல்லை. தனக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திறக்கலாமா என்று முடிவெடுக்கின்றன. கடிகாரம் பிசகினாலோ பென்சில் பேட்டரி தீர்ந்தாலோ, காசு கொடுத்தவர் ராத்திரியில் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே அறை அறையாகப் போய்க் கடிகாரத்தைச் சரிசெய்து பேட்டரி மாற்ற ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. உள்ளே சுவரில் அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும் ஏற்பாடு, வெளியே போகிறவர் ஏசியை ஓடவிட்டுப் போகாமல் தடுப்பதற்காக. விலை குறைந்த செருகிகளுக்கு எந்த அட்டை என்று தெரியாது. விசிட்டிங் கார்டைச் செருகினாலும் எரியும். தங்க வருபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

சரி, மாடிக்கு ஏறுவோம். அருவியில் குளித்து நடுங்கி வருகிறவர் முதலில் கேட்பது வெந்நீர். 27 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளித் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.42 யூனிட் வெப்பம் தேவை. சாதாரண கீசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். நூறு வாளிக்கு 42 யூனிட். சூரிய வெப்பத் தகடுகள் வைத்தால் என்ன? வைத்திருக்கிறார்கள். ஆனால் குற்றாலத்தின் சிக்கலே அங்குதான்: அறைகள் நிரம்பும் நாட்களெல்லாம் வானம் மூடியிருக்கும் நாட்கள். தகடு நன்றாக வேலை செய்யும் ஏப்ரலில் வெந்நீர் கேட்க ஆளில்லை.

அதனால்தான் வெப்ப பம்ப் என்ற கருவி இங்கே பொருந்துகிறது. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் கொட்டுகிறது அல்லவா, அதே ஏற்பாடுதான். குறைந்த அழுத்தத்தில் குளிர்ந்திருக்கும் ஒரு திரவம் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கும்போது வெப்பநிலை ஏறுகிறது. சூடான ஆவி தண்ணீர்த் தொட்டியின் குழாய்களில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். மேலே சொன்ன நூறு வாளிக்கு 14 யூனிட் போதும். வெளிக்காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. நம் ஊரில் காற்றுச் சூட்டுக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது? கருவி வெளியே விடுவது குளிர்ந்த காற்று. அதைக் குழாய் போட்டு அடுப்படிக்குத் திருப்பினால் பரோட்டா மாஸ்டர் வாழ்த்துவார்.

விறகு பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் செய்த வேலையை ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தவர் செய்ய வேண்டியதாகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைச் சுடவைத்தால் சுண்ணாம்பு படியும். வெப்பம் கடத்தும் குழாயில் அது ஏறினால் மூன்று மடங்கு என்ற கணக்கு மெல்லச் சரியும். கருவி ஓடிக்கொண்டே இருக்கும், மின்கட்டண ரசீது வந்தபிறகுதான் தெரியும். இன்னொன்றும் உண்டு. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தொட்டியை வெதுவெதுப்பாக மட்டும் வைக்கக் கூடாது. 20 முதல் 45 டிகிரி வரையில் லெஜியனெல்லா என்ற நுரையீரல் நோய்க்கிருமி பெருகும். 60 டிகிரியில் தேக்கிவைத்து, குளியலறையில் பச்சைத் தண்ணீர் கலப்பதே முறை.

இப்போது அடுக்களை. வடை, பஜ்ஜி, பொரிச்ச பரோட்டா, சிக்கன் என்று கடாய் ஓயாத ஊர் இது. எண்ணெய் கொதிக்கக் கொதிக்க மூன்று வகையில் கெடுகிறது. மாவிலும் கறியிலும் உள்ள நீர் எண்ணெய் மூலக்கூற்றை உடைக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு சேர்கிறது. சூட்டில் உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுப்பாகின்றன. இப்படிப் பிறக்கும் பொருட்களில் பெரும்பாலானவை மின்முனைவு கொண்டவை, அதாவது மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் சாய்ந்தவை. இவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது.

முன்பெல்லாம் மாஸ்டர் நிறத்தையும் நுரையையும் புகையையும் பார்த்துச் சொல்லுவார். இப்போது கரண்டி நீளத்துக்கு ஒரு மீட்டர் வந்திருக்கிறது. அதன் முனையில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சிறு மின்தேக்கி. எண்ணெயில் முக்கினால் இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே எண்ணெய் நிற்கும். முனைவுள்ள மூலக்கூறுகள் மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்வதால், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு மின்தேக்குத் திறன் கூடும். அதைச் சதவீதமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. இதில் ஒரு நுணுக்கம். ஒரு பொருள் மின்தேக்குத் திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்று சொல்லும் எண்ணுக்கு மின்காப்பு மாறிலி என்று பெயர். நல்ல எண்ணெய்க்கு அது 3-ஐ ஒட்டியது, தண்ணீருக்கு 80. வடை போட்டுக் குமிழி அடங்கும் முன் மீட்டரை முக்கினால், அது தண்ணீரை அளந்துவிட்டு எண்ணெய் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடும். எப்போது முக்க வேண்டும் என்பது மாஸ்டருக்குத்தான் தெரியும். அவருடைய அனுபவத்தை மீட்டர் தள்ளிவிடவில்லை. சாட்சி சொல்ல அவரையே கூப்பிடுகிறது.

ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவாகும் இடங்கள் கணக்கு எழுதி, பழைய எண்ணெயை அனுமதி பெற்ற சேகரிப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அது பயோடீசல் ஆகிறது: எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்துச் சூடாக்கினால், கிளிசரின் தனியாகப் பிரிந்து எரிபொருள் மேலே நிற்கும். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். எனவே தூளை வடிகட்டி, டின்னுக்குள் ஈரம் போகாமல் மூடி, தேதி எழுதி வைக்கிறவருக்கு ஒரு பொறுப்பு கூடியிருக்கிறது. இத்தனை நாள் அது பாத்திரம் கழுவுகிறவரின் வேலையில் சேர்த்தியில்லை.

கடைசியாகத் தரைக்குக் கீழே. பெரிய லாட்ஜுகளில் எஸ்டிபி என்று சொல்லும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதில் உண்மையான வேலைக்காரர்கள் பாக்டீரியாக்கள். கழிவைத் தின்று பெருகுவது அவற்றின் வேலை. அவை மூச்சுவிட ஊதுகுழாய் வழியே காற்றைச் செலுத்துவது நம் வேலை. அனுபவமுள்ள ஆபரேட்டர் தொட்டியைப் பார்த்தே சொல்லுவார். பழுப்பு நிறமும் மண்வாசனையும் இருந்தால் நலம். கறுத்து அழுகல் நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரைமணி நேரம் வைத்தால் சேறு எவ்வளவு படிகிறது என்று தெரியும். 200 முதல் 300 மில்லி வரை படிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மேலே நிற்கும் தெளிவை இன்னும் வடிகட்டி, கிருமி நீக்கித் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் விடுகிறார்கள்.

இந்தத் தொட்டியைக் கெடுப்பவர் பல நேரம் மூன்றாவது மாடியில் இருக்கிறார். கழிவறை பளிச்சென்று இருக்க ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் தாராளமாக ஊற்றினால், அது கீழே போய் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு எந்தப் பாட்டிலில் எத்தனை மூடி என்று சொல்லிக்கொடுப்பதும் இப்போது எஸ்டிபி ஆபரேட்டரின் வேலைதான். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் குறைவு என்பது என் எண்ணம். சுத்தத்துக்கு ஒரு மேஸ்திரி, தொட்டிக்கு ஒரு கான்ட்ராக்டர் என்று பிரித்துவிட்டால் இருவரும் பேசிக்கொள்ளவே வழியில்லை.

ஆபத்தும் உண்டு. காற்றுப் போகாத சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய், நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். அதை நம்பி இறங்கியவர்கள் செத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தொழில்நுட்பம் எந்த வேலையையாவது அடியோடு ஒழிக்க வேண்டும் என்றால் முதலில் இதைத்தான் ஒழிக்க வேண்டும்.

சம்பளம் இந்த மாற்றத்தோடு ஓடிவரவில்லை. பல இடங்களில் வெப்ப பம்ப், பூட்டுக் கடிகாரம், எஸ்டிபி மூன்றையும் பழைய எலக்ட்ரீஷியன் தலையிலோ இரவு வாட்ச்மேன் தலையிலோ கட்டிவிட்டு, அதே சம்பளத்தைத்தான் கொடுக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பாக்டீரியா தொழிலாளி பக்கம் நிற்கிறது. குற்றாலத்தில் சீசன் முடிந்தால் ஆட்களை ஊருக்கு அனுப்புவதும், கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கும்போது திரும்பக் கூப்பிடுவதும் வழக்கம். ஆனால் அறைகள் காலியானால் தொட்டிக்குச் சாப்பாடு நின்றுவிடும். பாக்டீரியா பட்டினியில் சாகும். அடுத்த கூட்டம் வரும் நாளில் நாற்றம்தான் வரவேற்கும். அதனால் ஆளில்லாத மாதங்களிலும் ஊதுகுழாயை அளவாக ஓட்டி, வெல்லமும் சாணமும் கரைத்து ஊற்றி அவற்றை உயிரோடு வைக்கிறார்கள். சப்ளையரை ஊருக்கு அனுப்பலாம், எஸ்டிபி ஆபரேட்டரை அனுப்ப முடியாது. பன்னிரண்டு மாதமும் சம்பளம் உள்ள வேலை அவருடையது.