எந்த கம்பெனி சீனியர்?

இன்டர்வியூவுக்கு வரும் ரெஸ்யூமேவில் ‘சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று இருந்தால், அதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. பிற கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துதரும் பல சர்வீஸ் கம்பெனிகளில் இரண்டு மூன்று வருடம் தள்ளினாலே அந்தப் பெயர் தானாக வந்துவிடும். கூகுளில் அதுவே எல்5, அதாவது லெவல் 5. படிப்பை முடித்த கையோடு எல்3-இல் சேர்பவர் இரண்டு படி ஏறினால்தான் கிடைக்கும்.

எண்ணை நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. அமேசானில் புதியவரே எல்4, சீனியர் எல்6. இரண்டு இடத்து எல்5-உம் ஒன்றுதான் என்று நினைத்துச் சம்பளம் பேசப் போனால் சிக்கல். மைக்ரோசாஃப்டில் லெவல் 63, 64 சீனியர். அதைத் தாண்டினாலே பிரின்சிபல். கூகுளில் அந்த இரண்டுக்கும் நடுவே ஸ்டாஃப், சீனியர் ஸ்டாஃப் என இரண்டு படிகள் உண்டு. முதலீட்டு வங்கிகளின் கதையே வேறு. தனக்குக் கீழே ஒருவர்கூட இல்லாமல் நாள் முழுக்க கோடிங் செய்யும் ‘வைஸ் பிரசிடென்ட்’கள் அங்கே ஏராளம்.

ஏன் இப்படி? பதவிப் பெயருக்குச் செலவு இல்லை. பட்ஜெட் இல்லாத வருடத்தில், வேலையை விடப் பார்க்கும் ஆளை நிறுத்திவைக்க மேனேஜர் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான். ஆள் கணக்கில் பில் போடும் கம்பெனிகளுக்கு வேறு லாபம்: சீனியர் என்றால் மணிக்கு ரேட் கூடும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: “நீங்களே முடிவெடுத்து, பிறகு வருந்திய ஒரு டிசைனைச் சொல்லுங்கள்.” எட்டு வருட அனுபவமுள்ள ஒரு சீனியர், அந்த டிசைனில் கியூ (வேலைகளை வரிசையில் காக்கவைக்கும் அமைப்பு) எதற்கு வைத்தீர்கள் என்றதும், “ஆர்க்கிடெக்ட் வைக்கச் சொன்னார்” என்றார். அதற்கு மேல் எவ்வளவு கிளறியும் ஒன்றும் வரவில்லை. பதவியில் ‘சீனியர்’ இல்லாத இன்னொருவர், ஓடிக்கொண்டிருக்கும் பேமென்ட் டேபிளை (டேட்டாபேஸில் பணம் செலுத்தியவை பதிவாகும் அட்டவணை) சர்வீஸை நிறுத்தாமல் மாற்றியதை விவரித்தார்: முதலில் பழையது, புதியது இரண்டிலும் எழுதியது, பழைய டேட்டாவை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியது, கணக்கு ஒத்துப்போகாத வரிசைகளைத் தேடிப்பிடித்தது, சிக்கல் வந்தால் பழையதற்கே திரும்பும் ரோல்பேக்குக்கு வழி வைத்திருந்தது. இருவரில் யாரை சீனியர் லெவலில் எடுத்திருப்போம் என்று சொல்லத் தேவையில்லை.

வேலை மாறும்போது பெயர் ஒரு படி இறங்கினால் பலர் உடைந்துபோகிறார்கள். சம்பளமும் பொறுப்பும் கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் பெரிதாகி வேலை அப்படியே இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். அடுத்த இன்டர்வியூவில் அந்தப் பெயருக்கேற்ற கேள்விகள் வரும். ரெஸ்யூமேவில் பதவிக்குக் கீழே, எந்த சிஸ்டம் உங்கள் பொறுப்பில் இருந்தது, அது விழுந்தால் யாருக்கு போன் வரும் என்று எழுதுங்கள். ஆஃபர் வந்தால் லெவல் எண், அந்த லெவலின் சம்பள வரம்பு, அடுத்த லெவலுக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற மூன்றையும் மெயிலில் கேட்டு வாங்குங்கள். “ஆறு மாசத்துல ஏத்திடலாம்” என்று போனில் சொன்ன ரெக்ரூட்டர் அப்ரைசல் மீட்டிங்கில் இருக்க மாட்டார்.